பரணில் கிடக்கும் சுருள்கள்: ஒரு கட்டடக்கலைஞரின் பணி ஆவணங்களைக் காப்பகமாக்கும் முழுமையான வழிகாட்டி

ஒரே வட்டாரத்தில் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் தொழில் நடத்திய கட்டடக்கலைஞரின் அலுவலகம் மூடப்படும்போது மிஞ்சுபவை ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான்: பரண் நிறையச் சுருள்கள், இரும்பு அலமாரியில் கோப்புகள், ஒரு பெட்டிப் புகைப்படங்கள், மேசை இழுப்பறையில் சில ஃபிளாப்பிகள். அவர் கட்டிய வீடுகளும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் எந்தப் புத்தகத்திலும் இடம்பெற்றிருக்காது. அந்தக் கட்டடங்களின் அடித்தளம் எவ்வளவு ஆழம், எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது, எந்த ஆண்டில் எந்தப் பகுதி கூட்டிக் கட்டப்பட்டது என்பதெல்லாம் இந்தச் சுருள்களில் மட்டுமே இருக்கும். பழுதுபார்க்க வரும் பொறியாளருக்கும் ஆய்வாளருக்கும் வேறு சான்று கிடையாது.

இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய தவறு, அழகான வரைபடங்களைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு மீதியைப் 'பழைய காகிதம்' என்று ஒதுக்குவது. ஒரு வரைபடம் என்ன கட்டச் சொன்னது என்பதைச் சொல்லும். ஏன் அப்படி, யார் மாற்றச் சொன்னார்கள், கடைசியில் என்ன கட்டப்பட்டது என்பவை கடிதத்திலும் சைட் குறிப்பிலும், கட்டிய வேலையை அளந்து பில்லுக்காக எழுதும் அளவுப் புத்தகத்திலும் இருக்கின்றன. ஆகவே கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் ஒரே விதியைச் சார்ந்தது: தாள் எங்கே போனாலும் அது எந்த வேலையைச் சேர்ந்தது என்ற முடிச்சு அவிழக் கூடாது. 'வேலை' என்று இங்கே சொல்வது, ஒரு கட்டடத்துக்காக அலுவலகம் ஏற்ற ஒரு பணியை.

தொடுவதற்கு முன்

முதல் நாள் எதையும் நகர்த்தாதீர்கள். ஒவ்வொரு அலமாரியையும் தட்டையும் இருந்த நிலையிலேயே படம் எடுங்கள். அலமாரிகளுக்கு 1, 2, 3 என்றும், தட்டுகளுக்கு மேலிருந்து கீழாகவும் எண் கொடுங்கள். ஒவ்வொரு சுருளிலும் கட்டிலும் ஒரு தற்காலிக எண் சீட்டைப் பருத்தி நாடாவால் கட்டுங்கள். ஒட்டுத்தாளோ பசையோ வேண்டாம். எந்தச் சுருள் எதன் பக்கத்தில் இருந்தது என்பதே பல நேரம் பெயரில்லாத தாளை அடையாளம் காட்டிவிடும். ஆவணக்காப்பாளர்கள் 'மூல ஒழுங்கு' என்று சொல்வது இதைத்தான். சுத்தம் செய்கிறேன் என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் அளவுவாரியாக அடுக்கிவிட்டால் அந்தத் தகவல் திரும்ப வராது.

அலுவலகத்தில் வேலை பார்த்த டிராஃப்ட்ஸ்மேன், கணக்கர், சைட் மேற்பார்வையாளர் ஆகியோரை இந்தக் கட்டத்திலேயே தேடிப் பேசுங்கள். தாளின் மூலையில் விவரம் எழுதும் பெயர்க் கட்டத்தில் 'வரைந்தவர்', 'சரிபார்த்தவர்' என்ற இடங்களில் இரண்டெழுத்துக் கையொப்பம்தான் இருக்கும். அந்த எழுத்துகள் யாருடையவை என்று ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். இது இல்லாமல் போனால் அலுவலகத்தின் வரைபடம் எல்லாம் தலைமைக் கட்டடக்கலைஞர் கையால் வரைந்தது என்று பிழையாகப் பதிவாகிவிடும். உண்மையில் பெரும்பகுதியை வரைந்தவர்கள் பெயர் தெரியாத உதவியாளர்கள்.

பாதுகாப்பையும் மறக்க வேண்டாம். எலி எச்சமும் பூஞ்சணமும் உள்ள இடத்தில் என்95 முகக்கவசமும் நைட்ரில் கையுறையும் கட்டாயம். பழைய பொருள் மாதிரிகளில், குறிப்பாகக் கூரைத் தகடு, தரை ஓடு, குழாய் உறைகளில், ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அவற்றை உடைக்காமல், தூசி கிளப்பாமல், தனிப் பையில் இட்டு மூடுங்கள். 1950களின் தொடக்கம் வரை சில நெகட்டிவ்கள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் படலத்தில் வந்தன. மஞ்சளாகி, பிசுபிசுத்து, மூக்கைத் துளைக்கும் நெடி அடிக்கும் நெகட்டிவ் கிடைத்தால் தனியாக, குளிர்ந்த இடத்தில் வைத்துவிட்டு வல்லுநரை அழையுங்கள்.

வேலைப் பட்டியலைத் திரும்பக் கட்டுவது

இந்தப் பட்டியலே காப்பகத்தின் முதுகெலும்பு. மூன்று இடங்களில் இதற்கான விவரம் கிடைக்கும். அலுவலகம் வைத்திருந்த வேலை எண் பதிவேடு முதலாவது. வரைபடங்களை வெளியே அனுப்பும்போது எழுதிய பதிவேடு அடுத்தது. இரண்டும் இல்லாவிட்டால் கட்டணப் பேரேடும், தாளின் கீழ் வலது மூலையில் உள்ள பெயர்க் கட்டமும்தான். பெரிய தாளை மடிக்கும்போது பெயர்க் கட்டம் வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகவே அதை அந்த மூலையில் வைக்கிறார்கள். ஆகையால் பல மடிப்புத் தாள்களைப் பிரிக்காமலே எண்ணையும் பெயரையும் படித்துக்கொள்ளலாம்.

ஒரு விரிதாளில் ஒரு வேலைக்கு ஒரு வரி. நிரல்கள்: அலுவலகம் கொடுத்த வேலை எண், தாளில் எழுதியபடி வேலையின் பெயர், வேறு பெயர்கள், கட்டடம் கட்டுவித்தவர், இடம், முதல் தேதி, கடைசித் தேதி, அலுவலகத்தின் பங்கு (புதுக் கட்டடமா, விரிவாக்கமா, ஆலோசனை மட்டுமா), கூட்டாகப் பணிசெய்த கட்டமைப்புப் பொறியாளர், ஒப்பந்தக்காரர், கட்டப்பட்டதா இல்லையா, இப்போது நிற்கிறதா, எந்தச் சுருள், எந்தக் கோப்பு, எந்தப் புகைப்படம்.

சிக்கல் எழும் இடங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஒரே கட்டடம் தொடக்கத்தில் உரிமையாளர் பெயரிலும், பிறகு அறக்கட்டளைப் பெயரிலும், கடைசியில் தெருப் பெயரிலும் வரும். மூன்று வேலைகள் என்று எண்ணிவிடாமல், முதலில் கண்ட பெயரைத் தலைப்பாக வைத்து மற்றவற்றை 'வேறு பெயர்கள்' நிரலில் சேருங்கள். சில அலுவலகங்கள் ஆண்டுதோறும் எண்ணை 1-லிருந்து மீண்டும் தொடங்கும். அங்கே 14 என்ற எண் இருபது கட்டடங்களுக்கு இருக்கும், ஆண்டோடு சேர்த்தால்தான் பொருள்படும். இன்னும் சில அலுவலகங்கள் விரிவாக்கத்துக்குப் பழைய எண்ணையே கொடுத்தன. அலுவலகத்தின் எண்ணை ஒருபோதும் திருத்தாதீர்கள். அது எழுதியபடியே ஒரு நிரலில் இருக்கட்டும். காப்பகத்துக்கென்று 0001 முதல் புதிய நான்கு இலக்க எண்ணை இன்னொரு நிரலில் கொடுங்கள்.

தேதியில் தனிக் கவனம் தேவை. ஒரே தாளில் வரைந்த தேதி, திருத்தத் தேதி, நகல் எடுத்த முத்திரைத் தேதி என மூன்று இருக்கும். எதை எடுத்தீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். ஊகித்த ஆண்டைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள்.

அடுக்கும் முறை

முழுத் திரட்டையும் ஐந்து பெரிய பிரிவுகளாகப் பாருங்கள்: சொந்த ஆவணங்கள், தொழில்சார் எழுத்துகளும் உரைகளும், அலுவலக நிர்வாகம், பணி ஆவணங்கள், மாதிரிகளும் பொருள்களும். பெரும்பாலும் பத்தில் ஒன்பது பங்கு இடத்தைப் பணி ஆவணங்களே பிடிக்கும். அதற்குள் ஒவ்வொரு வேலைக்கும் அதே வரிசையை வையுங்கள்: 01 கடிதங்களும் ஒப்பந்தமும், 02 முதல்நிலைக் கிறுக்கல்கள், 03 கட்டுவிப்பவருக்குக் காட்டத் தீட்டிய காட்சி வரைபடங்கள், 04 கட்டுமான வரைபடங்கள், 05 பிற பொறியாளர்களின் வரைபடங்கள், 06 விவரக்குறிப்பும் மதிப்பீடும் டெண்டரும், 07 சைட் குறிப்புகளும் அளவுப் புத்தகமும் பில்லும், 08 கட்டியபடி வரைபடம் (கட்டி முடித்த நிலையைக் காட்டுவது), 09 புகைப்படங்கள், 10 மின்கோப்புகள். ஒரு வேலையில் 03 இல்லையென்றால் அந்த எண் காலியாகவே இருக்கட்டும். எல்லா வேலையிலும் 04 என்றால் கட்டுமான வரைபடம்தான் என்ற உறுதி பின்னால் தேடுபவருக்குப் பெரிய உதவி.

இது பட்டியலில் மட்டும் உள்ள வரிசை. தாள்கள் உடல்ரீதியாக ஒரே இடத்தில் இருக்க வேண்டியதில்லை, இருக்கவும் முடியாது. ஏ0 தாள் தட்டையான இழுப்பறையிலும், கடிதம் பெட்டியிலும், நெகட்டிவ் குளிர்ந்த அறையிலும் இருக்கும். பட்டியல்தான் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிறது.

எதைக் கழிக்கலாம்

முதல் ஆறு மாதம் எதையும் கழிக்காமல் இருப்பதே நல்லது. பட்டியல் முடிந்த பிறகு, குறிப்பு எதுவும் எழுதப்படாத ஒரே திருத்தத்தின் கூடுதல் நகல்கள், பொருள் விற்பனையாளர் கையேடுகளில் எங்கும் கிடைப்பவை, அலுவலகத்தின் அன்றாடச் சில்லறை ரசீதுகள் ஆகியவற்றைப் பிரிக்கலாம்.

நகல் என்று நினைப்பதை இரண்டு முறை பாருங்கள். சைட்டுக்குப் போய்த் திரும்பிய நகலில் சிவப்புப் பென்சில் திருத்தமும் சிமென்ட் கறையும் இருக்கும். ஜன்னலை ஓர் அடி நகர்த்தச் சொன்ன உத்தரவு அந்த ஒரு தாளில் மட்டுமே இருக்கக்கூடும். மூலத்தாளில் அது ஏறியிருக்காது. அசுத்தமான நகல்தான் சில வேளை மிக மதிப்புள்ள தாள். 'கட்டுமானத்துக்கு ஏற்றது' என்ற முத்திரை உள்ள ஒவ்வொரு திருத்தத்திலும் ஒரு பிரதி அவசியம். கட்டப்படாத திட்டங்களையும், டெண்டரில் தோற்ற திட்டங்களையும் முழுமையாக வையுங்கள். அவை வேறு எங்கும் இருப்பதற்கு வாய்ப்பே இல்லை.

தாளை அடையாளம் காண்பது

வரைபடம் எதன் மேல், எந்த முறையில் ஆனது என்று தெரியாமல் அதைச் சுத்தம் செய்யவும் உறை போடவும் கூடாது. ஒன்றுக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு நஞ்சு.

புளூபிரிண்ட். நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடு. ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்த சயனோடைப் முறை இது. நீலம் தாளின் நாரிலேயே ஊறியிருக்கும். பின்புறத்திலும் நீலத் திட்டுகள் தெரியும். காரம் இதற்குப் பகை. காப்பகக் கடைகளில் 'அமிலமற்றது' என்று விற்கும் பல உறைகளில் காரத்தன்மையுள்ள கால்சியம் கார்பனேட் சேர்த்திருப்பார்கள். அது சாதாரணத் தாளுக்கு நல்லது. புளூபிரிண்டின் நீலத்தையோ வெளுக்கச் செய்துவிடும். வாங்கும்போது காரம் சேர்க்காத, நடுநிலையான உறை என்று கேட்டு வாங்குங்கள். வெளிச்சத்தில் வெளிறிய புளூபிரிண்ட் இருட்டில் வைத்தால் ஓரளவு நிறம் மீளும். காரத்தால் போன நிறம் திரும்பாது.

அமோனியா பிரிண்ட். வெளிறிய பின்னணியில் நீலம், கறுப்பு அல்லது பழுப்புக் கோடு. இதையும் பலர் புளூபிரிண்ட் என்றே சொல்வார்கள். பட்டியலில் அந்தக் குழப்பத்தை ஏற்றிவிடாதீர்கள். முறையின் பெயர் டையசோ. உருப்பெருக்கியில் பார்த்தால் முன்பக்கத்தில் புள்ளிபுள்ளியான பூச்சு தெரியும். பின்பக்கம் வெறும் தாள். ஓரங்கள் மஞ்சளாகி, வெளிச்சத்தில் கோடு மங்கும். இதிலிருந்து வெளிவரும் சேர்மங்கள் அருகில் உள்ள தாளையும் புகைப்படத்தையும் கறையாக்கும். எனவே அமோனியா பிரிண்டுகள் எப்போதும் தனிக் கோப்புறையில்தான். புகைப்படப் பெட்டிக்குப் பக்கத்தில்கூட வேண்டாம்.

பழுப்புக் கோட்டுடன் ஒளி ஊடுருவும் தாளில் உள்ள டையசோ, அதாவது செபியா, தனியாகக் கவனிக்க வேண்டியது. இது மூலத்தாளின் நகலாகத் தொடங்கும். பிறகு அதன் மேலேயே பென்சிலில் திருத்தி, அதிலிருந்து மேலும் நகல் எடுப்பார்கள். ஆகவே ஒரு கட்டத்துக்குப் பின் அதுவே மூலம். மிக விரைவில் கெடுவதும் அதுவே. ஸ்கேன் வரிசையில் முதலிடம் இதற்கு.

டிரேசிங் பேப்பரும் பட்டர் பேப்பரும். கூழை மிகையாக அரைத்தோ, அமிலத்தில் நனைத்தோ, எண்ணெய் அல்லது பிசின் ஊட்டியோ ஒளி ஊடுருவச் செய்தவை. மூன்றும் காலப்போக்கில் நொறுங்கும். ஈரம் பட்டால் விரிந்து அலையலையாகச் சுருங்கி நிரந்தரமாக உருக்குலையும். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டியிருப்பார்கள். அதன் பசை பழுப்பாகித் தாளை ஊடுருவியிருக்கும். இழுத்து உரிக்காதீர்கள், தாளின் மேற்பரப்பும் கோடும் சேர்ந்து வரும்.

டிரேசிங் துணி. மெல்லிய பருத்தி அல்லது லினன் துணியில் மாவுப்பசை ஏற்றி மெருகிட்டது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நெசவு தெரியும். ஒரு சொட்டு நீர் போதும், வெள்ளைத் தழும்பு விழும். ஈரத்துணியால் துடைப்பதும் ஈரப்பதம் ஊட்டி விரிப்பதும் இதற்கு ஆகவே ஆகாது. மாவுப்பசை ராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் பிடித்த தீனி.

பாலியெஸ்டர் படலம். மைலார் என்ற பெயரில் அலுவலகங்கள் அறிந்தது. படலம் கெடாது, ஆனால் அதன் மேல் உள்ள மை ஒட்டாமல் செதிலாக உதிரும். இறுக்கிச் சுருட்டக் கூடாது. தாளுக்குத் தாள் நடுவே நடுநிலைத் தாள் வையுங்கள். இதைப் போலவே தோன்றும் அசிடேட் படலம் புளித்த காடி வாசனை அடிக்கும், சுருங்கும், பக்கத்தில் உள்ளவற்றையும் கெடுக்கும். சந்தேகம் வந்தால் இரண்டு துருவமாக்கித் தகடுகளைக் குறுக்காக வைத்து நடுவில் படலத்தின் ஓரத்தைப் பிடியுங்கள். வானவில் நிறம் தெரிந்தால் பாலியெஸ்டர்.

ஒட்டெழுத்தும் நிழல்கோட்டுப் படலமும். காட்சி வரைபடங்களில் தலைப்பெழுத்தைத் தேய்த்தும், நிழல் காட்டக் கோடு அச்சிட்ட படலத்தை வெட்டியும் ஒட்டியிருப்பார்கள். வளைத்தாலும் சூட்டிலும் அவை உதிரும். உதிர்ந்த எழுத்தைத் தூக்கி எறியாமல் சிறு உறையில் போட்டு அதே கோப்புறையில் வையுங்கள்.

கோப்புகளுக்குள் 1980, 90களின் ஃபாக்ஸ் தாள் இருக்கிறதா என்று தேடுங்கள். வெப்பத்தாளில் அடித்த எழுத்து பல ஆண்டுகளில் முற்றிலும் மறைந்துவிடும். உடனே ஸ்கேன் செய்து, நல்ல தாளில் ஒரு நகலும் வையுங்கள். அந்தக் காலத்தின் சைட் முடிவுகள் பலவும் ஃபாக்ஸில்தான் போயின.

சுத்தமும் விரித்தலும்

ஸ்டேப்ளர் பின், குண்டூசி, ஜெம் கிளிப், ரப்பர் பேண்ட் எல்லாம் போக வேண்டும். துருப்பிடித்த பின்னை இழுக்காமல், மெல்லிய தட்டைக் கரண்டியால் கால்களை நிமிர்த்திப் பின் தூக்குங்கள். மென்மயிர்த் தூரிகையால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தூசியைத் தள்ளுங்கள். உறுதியான தாளில் கந்தகமேற்றிய ரப்பர் பஞ்சை ஒற்றி எடுக்கலாம். பென்சில், கரி, வண்ணச் சுண்ணம் உள்ள இடத்தில் பஞ்சும் அழிப்பானும் தொடக் கூடாது. சைட் குறிப்புகள் பெரும்பாலும் மென்பென்சிலில்தான் எழுதப்பட்டிருக்கும்.

பூஞ்சணம் உலர்ந்ததா ஈரமா என்று பாருங்கள். ஈரமாகப் பிசுபிசுத்தால் தொடாமல் தனியே வைத்துக் காற்றோட்டத்தில் முதலில் உலர்த்துங்கள். உலர்ந்த பின்பே, நுண்துகளைப் பிடிக்கும் ஹெபா வடிகட்டி உள்ள தூசி உறிஞ்சியைக் குறைந்த வேகத்தில், முனையில் வலை கட்டிப் பயன்படுத்தலாம். பூச்சி இருந்தால் கட்டைப் பாலிதீனில் காற்றுப் புகாமல் மூடி, −20 டிகிரி செல்சியஸில் ஒரு வாரம் உறையவிடுங்கள். வெளியே எடுத்தபின் 24 மணி நேரம் பையைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் தாளின் மேல் நீர் கோத்துக்கொள்ளும். நாப்தலின் உருண்டையோ பூச்சிமருந்துத் தெளிப்போ வேண்டாம்.

சுருளை விரிக்க அவசரப்படுவதுதான் அதிகம் கிழிக்கிறது. சற்றே நெகிழும் தாள் என்றால் மேசையில் விரித்து, நான்கு ஓரத்திலும் துணி சுற்றிய எடைகளை வைத்து ஓரிரு வாரம் விடுங்கள். அதற்கும் மசியாத, நல்ல நிலையில் உள்ள சாதாரணத் தாளுக்கு ஈரப்பத அறை உதவும். ஒரு பெரிய மூடித் தொட்டியின் அடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் சுத்த நீர். அதற்குள் தாங்கியின் மேல் ஓர் உயரமான சிறிய தொட்டி. சுருளைச் சிறிய தொட்டியில் தளர்வாக நிறுத்தி, பெரிய தொட்டியை மூடுங்கள். தாள் நீரைத் தொடக் கூடாது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். பெரும்பாலும் ஓர் இரவுக்குள் தளரும். உடனே எடுத்து, இரு ஒற்றுத்தாள் நடுவே வைத்து, மேலே சமமான பலகையும் எடையும் வையுங்கள். ஒற்றுத்தாளை முதல் நாள் இரண்டு முறை மாற்றுங்கள். புளூபிரிண்ட், அமோனியா பிரிண்ட், டிரேசிங் பேப்பர், டிரேசிங் துணி, நீரில் கரையும் மை, புகைப்படம், பூஞ்சணம் பட்டது ஆகிய எதையும் இந்தத் தொட்டியில் வைக்காதீர்கள். நொறுங்கும் நிலையில் உள்ளதைச் சுருளாகவே விட்டு வல்லுநரிடம் கொடுப்பது தோல்வி ஆகாது.

வைக்கும் இடம்

ஏ0 தாள் 841 × 1189 மிமீ. பரப்பு ஒரு சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள தாள் ஆயிரம் என்றால் 80 கிலோ, பெட்டகத்தின் எடை தனி. ஆகவே இரண்டு பெட்டகங்களை ஒன்றன்மேல் ஒன்று வைக்கும் முன் தரை தாங்குமா என்று கேளுங்கள். பவுடர் பூச்சிட்ட எஃகு இழுப்பறை நல்லது. மரப்பலகை அமில ஆவி விடும். இழுப்பறை ஆழம் 5 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஒரு கோப்புறையில் பத்து, பன்னிரண்டு தாள். கோப்புறைகளை இழுப்பறையின் முழு அளவுக்கே வெட்டுங்கள். சிறியதாக இருந்தால் பின்னால் நழுவி, அடுத்த முறை இழுக்கும்போது சிக்கிக் கிழியும்.

இழுப்பறையில் அடங்காதவற்றைச் சுருட்டலாம். குறைந்தது 10 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள, தாளைவிட நீளமான குழாயின் வெளிப்புறத்தில் சுற்றுங்கள். குழாய்க்குள் திணித்தால் வெளியே எடுக்கும்போதெல்லாம் ஓரம் கிழியும். சுற்றியதன் மேல் நடுநிலைத் தாள் போர்த்தி, அகலமான பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். பிவிசி உறை எதற்கும் கூடாது. ஜெராக்ஸ் மை அதில் ஒட்டிக்கொள்ளும்.

அறை வெப்பம் 18–20 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 35–50 விழுக்காடு இருந்தால் சிறப்பு. முடியாவிட்டால் 65 விழுக்காட்டைத் தாண்டாமல் பாருங்கள், அதற்கு மேல் பூஞ்சணம் பிடிக்கும். பகலில் குளிரூட்டி ஓடி இரவில் அணைக்கப்படும் அறையைவிட, சற்றே வெப்பமானாலும் ஏறி இறங்காத அறை மேல். அடித்தட்டு தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். மேலே தண்ணீர்க் குழாய் ஓடாத அறையைத் தேர்ந்தெடுங்கள்.

கட்டட மாதிரிகளைப் பற்றிச் சுருக்கமாக: அட்டையும் மரமும் தாங்கும், நுரை சில ஆண்டுகளில் பொடியாகும். அளவுகோலை அருகில் வைத்து எல்லாப் பக்கமும் படமெடுத்த பிறகே எதைக் காப்பது என்று முடிவு செய்யுங்கள்.

விவரப் பட்டியல்

ஆவண விவரிப்புக்கான ஐசாட்(ஜி) என்ற பன்னாட்டு நெறி ஆறு விவரங்களை இன்றியமையாதவை என்கிறது: குறிப்பெண், தலைப்பு, உருவாக்கியவர், தேதி, அளவு, விவரிப்பு நிலை. எல்லா வேலைக்கும் இந்த ஆறும், மேலே சொன்ன நிரல்களும் போதும். ஒவ்வொரு தாளுக்கும் விவரம் எழுதத் தொடங்கினால் முப்பது வேலையோடு நின்றுபோகும். எல்லா வேலைகளையும் மேலோட்டமாக முடித்துவிட்டு, பிறகு முக்கியமான சிலவற்றைத் தாள்வாரியாக எழுதுவதே சரி.

அளவு விகிதத்தைத் தாளில் உள்ளபடியே எழுதுங்கள். 'எட்டில் ஓர் அங்குலம் ஓர் அடி' என்பது 1:96; அதை 1:100 என்று மாற்றினால் நூற்றுக்கு நான்கு பங்கு பிழை. 'கால் அங்குலம் ஓர் அடி' என்பது 1:48. சுருக்கிய நகலில் அச்சான விகிதம் பொய்யாகிவிடும் என்பதால், தாளின் நீள அகலத்தையும் மிமீ-இல் பதிவு செய்யுங்கள். 'கட்டியபடி' என்று தாளில் எழுதியிருப்பதாலேயே நம்பிவிடவும் வேண்டாம். பலமுறை கட்டுமான வரைபடத்தின் மேல் முத்திரை மட்டும் மாறியிருக்கும். அளவுப் புத்தகத்தில் உள்ள நீள அகலத்தோடு இரண்டு மூன்று அறைகளை ஒப்பிட்டு, ஒத்துப்போகிறதா இல்லையா என்று குறியுங்கள். பில்லுக்குப் பணம் கொடுத்த அளவு அது என்பதால் பெரும்பாலும் அதுவே உண்மைக்கு நெருக்கம்.

ஸ்கேன்

300 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி), 24 பிட் வண்ணம், சுருக்காத டிஃப் வடிவம் அடிப்படை. நுண்ணிய பென்சில் கிறுக்கலுக்கு 400. கறுப்பு வெள்ளை இருநிறத்தில் எடுத்தால் சிவப்புத் திருத்தமும் வரைபடத்தின் மூலக் கோடும் ஒன்றாகிவிடும். ஓர் ஏ0 தாள் 300 பிபிஐ-இல் 9933 × 14043 புள்ளி, சுமார் 420 எம்பி. ஆயிரம் தாளுக்கு 420 ஜிபி. இந்தக் கணக்கைப் போட்ட பிறகே வட்டு வாங்குங்கள்.

உருளையில் இழுக்கும் ஸ்கேனர் வேகமானது. ஆனால் நொறுங்கும் தாளையும் கிழிந்ததையும் உள்ளே விழுங்கும். அத்தகையவற்றை மேலிருந்து கேமராவில் எடுங்கள். நிலையான தாளையும்கூடத் தெளிவான பாலியெஸ்டர் உறைக்குள் வைத்து விடுவது பாதுகாப்பு. உருளை சற்று வழுக்கினால் படம் ஒரு திசையில் நீளும். அதனால் ஒவ்வொரு நாளும் முதலில் நீளத்திலும் அகலத்திலும் எஃகு அளவுகோலை வைத்து ஒரு சோதனைப் படம் எடுத்து, திரையில் அளந்து பாருங்கள். டிரேசிங் பேப்பருக்குப் பின்னால் வெள்ளைத் தாள் வைத்தால் கோடு தெளியும். பின்பக்கத்தில் எழுத்து இருந்தால் அதற்கும் தனிப் படம்.

கோப்புப் பெயரில் இடைவெளி வேண்டாம். 0042-04-017-02 என்றால் 42-ஆம் வேலை, கட்டுமான வரைபடம், 17-ஆம் தாள், இரண்டாம் திருத்தம். பெயரைப் பார்த்ததும் வேலையோடு உள்ள முடிச்சு தெரிய வேண்டும்.

கேட் (கணினி வரைபட) கோப்புகளும் பழைய வட்டுகளும்

காகிதம் நூறாண்டு கவனிப்பின்றிக் கிடந்தாலும் படிக்கலாம். ஃபிளாப்பி அப்படி அல்ல. இதைக் கடைசிக்குத் தள்ளாமல் பட்டியல் வேலையோடு சேர்த்தே தொடங்குங்கள்.

வட்டைக் கணினியில் செருகும் முன், அதில் புதிதாக எதுவும் எழுதப்படாமல் காக்கும் எழுதுதடுப்பியை இயக்குங்கள். 3.5 அங்குல ஃபிளாப்பியில் மூலைத் துளையின் நகர்த்தி துளை திறந்த நிலையில் இருக்க வேண்டும். முதலில் வட்டின் முழுப் பிம்பத்தை, அதாவது அதில் உள்ள அனைத்தையும் அப்படியே ஒரே கோப்பாக நகலெடுத்ததை, எடுங்கள். வட்டுச் சீட்டில் எழுதியதைப் படமெடுங்கள். புதிய மென்பொருளில் திறந்து 'சேமி' என்று அழுத்திவிடாதீர்கள். பழைய வடிவமும் தேதியும் அழிந்துபோகும்.

கணினியில் வரையும் மென்பொருளான ஆட்டோகேட் 1982 டிசம்பரில் வெளிவந்தது. அதன் டிடபிள்யூஜி கோப்பை எளிய எழுத்துத் தொகுப்பியில் நகலாகத் திறந்தால் முதல் ஆறு எழுத்தில் பதிப்பு தெரியும்: ஏசி1009 என்றால் 11, 12-ஆம் வெளியீடுகள்; ஏசி1014 என்றால் 14; ஏசி1015 என்றால் 2000; ஏசி1032 என்றால் 2018. எந்த மென்பொருள் வேண்டும் என்பதை இது சொல்லிவிடும்.

ஒரு வரைபடம் ஒரே கோப்பில் முழுமையாக இருப்பது அரிது. வெளியிலிருந்து இணைத்த கோப்புகள், எஸ்எச்எக்ஸ் எழுத்துருக்கள், கோட்டுத் தடிமனைச் சொல்லும் சிடிபி கோப்பு எல்லாம் கூடவே வேண்டும். இணைப்புக் கோப்பு இல்லாவிட்டால் தரைத்தளமே காணாமல் போகும்; எழுத்துரு மாறினால் அளவெண்கள் கோட்டின் மேல் ஏறும்; சிடிபி இல்லாவிட்டால் சுவரும் மேசையும் ஒரே தடிமனில் வரும். அதனால் கோப்புறையைக் கலைக்காமல் முழுதாக நகலெடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் மூன்று வடிவம் வையுங்கள்: தொடாத மூலக் கோப்பு, தோற்றத்துக்குப் பிடிஎஃப்/ஏ (நெடுங்காலக் காப்புக்கான பிடிஎஃப் வகை), வடிவியலுக்கு டிஎக்ஸ்எஃப் (பல வரைபட மென்பொருள்கள் படிக்கும் வடிவம்). பிடிஎஃப்/ஏ-வைக் கிடைத்த காகித அச்சோடு ஒப்பிடுங்கள். வரைபட அச்சுப்பொறிக்கு அனுப்பிய பிஎல்டி கோப்பு கிடைத்தால் கட்டாயம் காப்பாற்றுங்கள்; அச்சுக்கு உண்மையில் என்ன போனது என்பதற்கு அதுவே சான்று.

எல்லாக் கோப்புகளுக்கும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்புத் தொகை (கோப்பில் ஏதாவது மாறினால் தானும் மாறும் எண்) எடுத்து ஒரு பட்டியலில் வையுங்கள். மூன்று பிரதி, இரு வகைச் சாதனம், ஒன்று வேறு கட்டடத்தில். ஆண்டுக்கு ஒருமுறை தொகையைத் திரும்ப எடுத்து ஒப்பிட்டு, மாறியதை நல்ல பிரதியிலிருந்து மீட்டெடுங்கள்.

உரிமையும் பார்வையும்

தாளின் உரிமை வேறு, பதிப்புரிமை வேறு. குடும்பத்தார் தாளைக் கொடுத்தாலும் பதிப்புரிமை கூட்டாளியிடமோ நிறுவனத்திடமோ இருக்கலாம்; காலவரையறை நாட்டுக்கு நாடு மாறும். கொடைப் பத்திரத்தில் எதைத் தருகிறார்கள், நகலெடுக்க அனுமதி உண்டா, கழிக்க வேண்டியதைத் திருப்பித் தருவதா என்பதை எழுத்தில் வாங்குங்கள். கட்டமைப்புப் பொறியாளர் வரைந்த தாள் கட்டடக்கலைஞரின் கோப்பில் இருப்பதாலேயே அவருடையது ஆகிவிடாது.

குடியிருக்கும் வீட்டின் தரைப்படம், வங்கிப் பெட்டக அறை, சிறை, மருந்துக் கிடங்கு ஆகியவற்றைப் பொதுவில் போடுவதற்கு முன் தடைக்குறி வையுங்கள். வேலையின் பெயரும் ஆண்டும் மட்டும் பட்டியலில் தெரிந்தால் போதும். படம் நேரில் கேட்பவருக்கு, காரணம் எழுதி வாங்கிக்கொண்டு. கட்டணத் தகராறும் உடல்நலக் குறிப்பும் உள்ள கடிதங்களுக்கும் இதே முறை. பழுதுபார்க்கும் பொறியாளருக்குப் பிரதி கொடுக்கும்போது, அது எந்தத் திருத்தம், கட்டியபடி என்று சரிபார்க்கப்பட்டதா இல்லையா என்பதைப் பிரதியின் மேலேயே அச்சிட்டுக் கொடுங்கள். அவர் தூணை அகற்றுவதா வேண்டாமா என்று அந்த வரியைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.